கிடாரம் கேட்டால் அமெரிக்கா

இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கேட்டால் முகம் கறுக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். "ஐயோ, மறந்தே போனன்" என்று தலையில் கைவைக்கிறவர்களையும் தெரியும். "நான் எப்ப வாங்கினனான்?" என்று கேட்டு உங்களையே சந்தேகப்பட வைக்கிறவர்களும் ஊருக்கு நாலு பேர் உண்டு. இவர்கள் எல்லாரும் சாதாரணமானவர்கள். இவர்களைப் பற்றி எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் மேலே தனியாக ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற பிறவி ஒன்று உண்டு. திருப்பிக் கேட்டால் சரித்திரம் சொல்லுகிறவர். அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் முன்னுதாரணக்காரர்.

முன்னுதாரணக்காரர் வாங்கியதை ஒருநாளும் மறுக்கமாட்டார். நீங்கள் கதவைத் தட்டினால் முகம் மலர்ந்து வரவேற்று, சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டச் சொல்லி, கோட்டைக் கழற்றி மாட்டி, நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார்த்தி, குசினிப் பக்கம் திரும்பித் தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்து, நீங்கள் "அண்ணை, அந்த ஏணி..." என்று இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, "ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றோராம் ஆண்டு" என்பார். முடிந்தது. ஏணி அன்றைக்கு வராது. அவர் வாயில் வருஷம் ஒன்று வந்துவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எழும்பவேண்டியதுதான்.

எனக்குத் தெரிந்தவர்களில் இந்த வகைக்கு முழு உதாரணம் ரொறன்ரோவில், ஸ்காபுறோவின் மில்லிக்கன் பகுதியில் இருந்த மாமாங்கம் அண்ணை. மட்டக்களப்பு ஆள். சரித்திரத்தில் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்துக்கு ரொறன்ரோ கொடுத்தது, ஒரு பண்டகசாலையில் லொறிகளில் வந்திறங்கும் பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை. எண்பத்தைந்தாம் ஆண்டு மாரிக் குளிரில், பஸ்ஸுக்குக் காத்துநின்று விறைத்துப்போய்ப் பக்கத்து நூலகத்துக்குள் ஒதுங்கியவர், அட்டை பிய்ந்த தடித்த புத்தகம் ஒன்றோடு வெளியே வந்தார். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற புதிதில் அதன் படைக்கு மாவும் சப்பாத்தும் வெடிமருந்தும் எப்படி அனுப்பினார்கள், அந்தக் கணக்கு ஏன் முடியவேயில்லை என்பதுதான் புத்தகத்தின் முழுச் சங்கதி. இப்படி ஒரு புத்தகத்தை யார் எழுதினார், யார் அச்சடித்தார், அது ஸ்காபுறோவில் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தது? அது இருக்கட்டும். மூன்று கிழமைத் தவணைக்கு எடுத்த புத்தகம். திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

அதற்குப் பிறகு மனிதர் எங்களோடு இருக்கவில்லை. உடம்பு மில்லிக்கனில், மனம் அந்த அமெரிக்கப் படையோடு ஒஹாயோக் காட்டில். கலியாணப் பந்தியில் இரண்டாம் சாம்பாருக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவனுடைய தோளைத் தொட்டு, "எங்கட படைக்கு இன்னும் சப்பாத்து வரேல்லை" என்பார். அந்தப் பாவி சாம்பார் வாளியைப் பார்ப்பானா, இவரைப் பார்ப்பானா?

"ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொண்டில ஒஹாயோவுக்குச் சண்டைக்குப் போன அமெரிக்கப் படைக்குக் கோடரி அனுப்பினவங்கள் தம்பி. என்ன கோடரி? மரத்தில ஒரு கொத்துக் கொத்தினால் கொழுக்கட்டை மாதிரி மடியுது. சாப்பாடு குடுக்கிற பொறுப்பு குத்தகை எடுத்த ஒரு கொந்திராத்துக்காரனிட்ட. கொண்டுபோற பொறுப்பு வேற ஒரு அதிகாரியிட்ட. மா இவனிட்ட, குதிரை அவனிட்ட, நடுவில படை பட்டினி. தோத்துப்போய் வந்தாங்கள். பிறகு ஒரு விசாரணைக் கொமிற்றி போட்டாங்கள். அது எழுதின அறிக்கை இருக்கே, ஆகா!"

சாம்பார் இதற்குள் அடுத்த பந்திக்குப் போயிருக்கும். அவர் விடமாட்டார். "ஆயிரத்து எண்ணூறில யுத்த இலாகாக் கட்டடமே எரிஞ்சு போச்சு. கடதாசியெல்லாம் சாம்பல். மா குடுத்தவன் வந்து கேட்டால், பற்றுச்சீட்டைக் கொண்டா எண்டுறாங்கள். அதை எரிச்சதே நீங்கள்தானே எண்டு அவன் சொல்லுறான். அவன் செத்து, மகன் கேட்டு, பேரன் கேட்டு..." இந்த இடத்தில் அவருடைய குரல் தழுதழுக்கும். பேரனுக்காக இரங்குகிறார் என்று நான் கனகாலம் நம்பியிருந்தேன். கணக்கொன்று முடியாமல் இவ்வளவு காலம் கௌரவமாக நிற்கலாம் என்கிற ஆனந்தம் அது என்று பிறகுதான் விளங்கியது.

அவருடைய பக்கத்து வீட்டுச் சூசைதாசன் நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். பனி அள்ளுகிற சவளை மாமாங்கம் அண்ணைக்கு இரவல் கொடுத்த பாவத்துக்கு, ஒரு பெரும் பனிப்பொழிவு அன்று அதைத் திருப்பிக் கேட்கப் போனார். அண்ணை அவரை வாசலிலேயே நிறுத்திவைத்து, குளிர்கால உடுப்பு வராத படைவீரர்களின் நிலையை விளக்கினார். சூசைதாசனின் தோளில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கம் முடிந்தபோது வீட்டுக்குப் போகிற பாதையும் மூடிவிட்டது. அவர் ஒரு தட்டால் பனியைக் கோரிக் கோரி வீடுபோய்ச் சேர்ந்து, அடுத்தநாளே புதுச் சவள் வாங்கினார். "கேக்கிறதைவிட வாங்கிறது சுகம்" என்று என்னிடம் சொன்னார். இப்படித்தான் இந்தப் பிறவிகள் வளர்கின்றன. நாங்கள்தான் பால் வார்க்கிறோம்.

ஆனால் எல்லாச் சாமானையும் கடையில் போய் வாங்கிவிட முடியாதே. எண்பத்தேழில் முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கக்கூடிய கிடாரம் எங்கள் ஆட்களிடையே எத்தனை இருந்திருக்கும்? எனக்குத் தெரிந்து ஒன்று. அது தவமலருடையது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் 'தவம்' என்று அவருடைய பெயர் வெட்டியிருக்கும். தவமலர் கிழமை நாட்களில் ஒரு பக்டரியில் பிஸ்கற் அடுக்குகிற வேலை. சனி ஞாயிறுகளில் விசேஷ வீடுகளுக்குச் சமையல். பக்டரி மேற்பார்வைக்காரன், வேலையாட்கள் கழிவறைக்குப் போனாலும் மணிக்கூட்டைப் பார்க்கிறவன். அந்த வேலையை விட்டுவிட்டுச் சமையலையே தொழிலாக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த ஆசைக்குக் கிடாரம்தான் முதல்.

அதைத் தைப்பொங்கலுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் இரவல் வாங்கியது. பொங்கலுக்கு விநியோகப் பொறுப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாமாங்கம் அண்ணையேதான். ஒஹாயோவில் படை பட்டினி கிடந்ததற்கு என்ன காரணமென்று எங்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகச் சொல்லித்தந்த மனிதர், அதே பிழையைத் துளி பிசகாமல் செய்தார். அரிசிக்கு ஒரு குழு, வாகனத்துக்கு ஒரு குழு. ஒரு குழு மற்றக் குழுவோடு நேரே கதைக்கக்கூடாது, எல்லாம் அவர் ஊடாகத்தான். விளைவு? அரிசியும் நாங்களும் வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், கிடாரம் ஐந்து மைல் தள்ளி இன்னொரு தேவாலயத்து வாசலில், அங்கே வந்தவர்கள் உண்டியல் என்று நினைத்து அதில் நாணயக் காசு போட்டுக்கொண்டிருந்தார்கள். சூரியனுக்குப் படைக்கவேண்டிய பொங்கல் சூரியன் விழுந்த பிறகு பொங்கியது. சரி, அதுவும் போகட்டும். பொங்கல் முடிந்ததும் கிடாரத்தைக் காணவில்லை.

தவமலர் மாசியில் கேட்டார், அண்ணை 1791 சொன்னார். பங்குனியில் கேட்டார், 1800 சொன்னார். சித்திரையில் தவமலருக்கு ஒரு பெரிய கலியாண ஓடர் வந்தது. மணப்பெண்ணின் தாய்க்குச் சொந்தக்காரர் பாதி ரொறன்ரோ. அந்தப் பந்தி சரியாக நடந்தால் அடுத்த ஒரு வருஷத்துக்கு ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள், பக்டரிக்கு ஒரு கும்பிடு போடலாம். பந்தி குழம்பினால் சாகும்வரை பிஸ்கற்தான். இதை அவர் அண்ணையிடம் நேரே போய்ச் சொன்னார்.

அண்ணை கண்ணை மூடினார். "தங்கச்சி, ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று. இதே ரொறன்ரோ. அப்ப யோர்க் எண்டு பேர். அமெரிக்கப் படை வாவியால வந்திறங்கி, களஞ்சியத்துச் சாமான் எல்லாத்தையும் அள்ளி, பாராளுமன்றத்துச் செங்கோலையும் தூக்கிக்கொண்டு போயிட்டுது. எப்ப திருப்பிக் குடுத்தவை தெரியுமோ? ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலு! ஒரு அரசாங்கமே தன்ர செங்கோலுக்கு நூற்றிருபத்தொரு வருஷம் பொறுத்திருக்கு. உம்மட கிடாரம் போய் மூண்டு மாசம்."

"அப்ப அவங்கள் எடுத்ததில ஒண்டையுமே கெதியாத் திருப்பேல்லையோ அண்ணை?" என்று தவமலர் கேட்டாராம்.

அண்ணை நேர்மையானவர். சரித்திரத்தில் பொய் சொல்லமாட்டார். "நூலகத்துப் புத்தகங்களைத் திருப்பினவை," என்றார். "கொண்டுபோன அதே வருஷத்திலேயே பெட்டியில போட்டு அனுப்பிப்போட்டினம். புத்தகம் எண்டால் அதுக்கொரு மரியாதை இருக்குத்தானே."

தவமலர் சத்தம் போட்டிருந்தால் நல்லது. அவர் சங்கத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அண்ணைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்கவேண்டும்! படை தோற்றதற்கு ஒரு விசாரணைக் கொமிற்றி இருந்ததல்லவா? இப்போது கிடாரத்துக்கும் ஒன்று. தலைவர் மாமாங்கம் அண்ணை. அங்கத்தவர்கள் சூசைதாசனும் நானும். விசாரிக்கப்பட வேண்டியவர் எப்படித் தலைவராகலாம் என்று நான் கேட்டேன். விநியோகம் பற்றி அறிந்தவர் வேறு யார் இருக்கிறார் என்று அவர் கேட்டார்.

கொமிற்றி அவர் வீட்டு பேஸ்மென்றில் கூடியது. இரண்டு சோபா, நடுவில் பூப்போட்ட விரிப்புப் போட்ட வட்ட மேசை, மேசையில் அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியும் வடையும். முதல் அமர்வில் கிடாரம் என்றால் என்ன என்று வரையறுத்தோம். இரண்டாம் அமர்வில் காணாமற்போதல் என்றால் என்ன என்று வரையறுத்தோம். வடை நன்றாக இருந்தது.

மூன்றாம் அமர்வு கலியாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை. அன்றைக்குத் தவமலரும் வந்திருந்தார். வேலையிலிருந்து நேரே வந்தபடியால் தலையில் இன்னும் பக்டரி வலை. முகத்தில் களை இல்லை. "அண்ணை, நாளையிண்டைக்குச் சனிக்கிழமை கலியாணம். சின்னச் சட்டியில பத்துத் தரம் வடிச்சால் முதல் வடிச்சது கல்லாப் போயிடும். கிடாரத்தை எடுக்கேக்க நீங்கள் ஒரு கடதாசித் துண்டில கையெழுத்துப் போட்டனீங்கள்தானே? அதை ஒருக்கா எடுங்கோ. கடைசியா ஆற்றை வாகனத்தில ஏத்தினது எண்டு பாப்பம்."

"நியாயமான கோரிக்கை," என்றார் அண்ணை. "ஆவணத்தைப் பார்ப்பம். தம்பி, உந்தக் கோப்பையளை ஒருக்காத் தூக்கும்."

நான் வட்ட மேசையிலிருந்த கோப்பைகளைத் தூக்கினேன். அண்ணை பூப்போட்ட விரிப்பை உருவி மடித்துச் சூசைதாசனின் மடியில் வைத்தார். விரிப்புக்குக் கீழே பலகை. பலகையை நகர்த்தினார். பலகைக்குக் கீழே பெரிய வட்ட மூடி. மூடியைத் திறந்தார். உள்ளே கைவிட்டுக் கட்டுக் கட்டாகப் பைல்களை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, உரக்க வாசித்தார்: "கிடாரம் காணாமற்போனமை பற்றிய விசாரணை. முதலாம் பாகம்."

நான் அந்த மேசையைக் குனிந்து பார்த்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் 'தவம்' என்று எழுதியிருந்தது. நாங்கள் இரண்டு அமர்வுகளாகத் தேடப்படும் பொருளின் தலையில் தேத்தண்ணி வைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சூசைதாசன்தான் முதலில் வாய் திறந்தார். "அண்ணை... உது என்ன?"

"உதுவோ? ஆவணக் காப்பகம்."

"உது கிடாரம் அண்ணை."

"கிடாரம் எண்டால் சமைக்கிற பாத்திரம். முதலாம் அமர்வில நீரும் கையெழுத்து வைச்ச வரையறை அது. இதில ஆர் சமைக்கினம்? கடதாசி எரிஞ்சதாலதானே அமெரிக்காவிண்ட கணக்கு முடியாமல் போனது? எங்கட கடதாசிக்கு அந்தக் கதி வரக்கூடாது. அதுதான் நெருப்புப் பிடிக்காத ஒண்டுக்குள்ள வைச்சனான்."

நாகேஸ்வரி அக்கா படிக்கட்டில் வடைத் தட்டோடு நின்றார். "நான் அப்பவே சொன்னனான், உது ஆற்றையோ சாமான் எண்டு," என்றார். "அது யுத்த இலாகா எண்டு சொன்னவர். நான் விரிப்பைப் போட்டு மூடிவிட்டன்."

தவமலர் எழும்பி வந்தார். அவருக்குக் கோபம் வரும், கத்துவார், அழுவார் என்று நான் பயந்தேன். அவர் கிடாரத்தின் விளிம்பை ஒருதரம் தடவினார். பிறகு அதன் இரண்டு கைபிடிக் காதையும் பிடித்து அப்படியே கவிழ்த்தார்.

விசாரணையின் மற்றப் பாகங்களும், பொங்கல் பற்றுச்சீட்டுகளும், எனக்கு ஒருநாளும் கிடைக்காத சங்கத்து நன்றிக் கடிதமும் கம்பளத்தில் கொட்டுண்டன. கடைசியாகத் தொம்மென்று ஒன்று விழுந்தது. அட்டை பிய்ந்த தடித்த புத்தகம். முதல் பக்கத்தில் நூலகத்து முத்திரை.

"விடக்கூடாது!" என்று அண்ணை கையை விரித்துக்கொண்டு படிக்கட்டை மறித்தார். "அது இப்ப சான்றுப்பொருள். அறிக்கை முடியும்வரைக்கும் கொமிற்றியிண்ட பாதுகாப்பில இருக்கவேணும்."

"அறிக்கை எப்ப முடியும் அண்ணை?"

"அமெரிக்காவில..."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பக்கக் காதை நான் பிடித்தேன். மறுபக்கம் சூசைதாசன் பிடித்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், "விலகுங்கோ அண்ணை!" என்று போட்ட சத்தத்தில் மேல்மாடி யன்னல் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு பனிச் சவள் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அண்ணை விலகினார். தவமலர் குனிந்து புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அதை எங்க கொண்டுபோறீர்?"

"நூலகத்துப் புத்தகத்தைக் கெதியாத் திருப்பினவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். போற வழியில போட்டுவிடுறன்."

அன்றைக்குத்தான் மாமாங்கம் அண்ணை வருஷம் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் முதல்தரம் பார்த்தேன்.

கலியாணம் நடந்தது. சோறு மல்லிகைப்பூவாக வந்தது. பாயசம் அதே கிடாரத்தில்தான். கடதாசி வாசம் அடிக்கிறதா என்று நான் இரண்டாம்தரம் கேட்டுக் குடித்துப் பார்த்தேன், இல்லை. மாமாங்கம் அண்ணையும் வந்திருந்தார். ஒரு கூச்சமும் இல்லாமல் மூன்றாம்தரமும் கேட்டுக் குடித்தார். ஆவணிக்குள் தவமலருக்கு ஓடருக்கு மேல் ஓடர். பக்டரி மேற்பார்வைக்காரன் இப்போது வேறு யாரோ கழிவறைக்குப் போக மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அதில் இருக்கிற சந்தோஷம் சொல்லி முடியாது.

அண்ணைதான் இளைத்துப்போனார். இறுதி அறிக்கை எழுதவேண்டும், அமெரிக்கக் கொமிற்றி தன்னுடைய அறிக்கையை எப்படி முடித்தது என்று பார்க்காமல் ஒரு வரி ஓடவில்லை என்றார். மழை தூறிய ஒரு பின்னேரம் என்னையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அங்கே வரவேற்பு மேசையில் கிளடிஸ் என்று எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று வேலை செய்தது. புத்தகத்தின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தது.

"அது வெளியில போயிட்டுது அங்கிள். கோடையில ஆரோ எடுத்தவை. ரெண்டு தரம் கடிதம் போட்டாச்சு, திருப்பேல்லை."

"ஆர் எடுத்தது?"

"பேர் சொல்லக்கூடாது அங்கிள். எங்கட ஆக்கள்தான்."

அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மனிசர் இவங்கள்!" என்று கத்தினார். நூலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இரவல் எடுத்தால் திருப்பிக் குடுக்கவேணும் எண்டுகூடத் தெரியாதோ? மற்றவைக்கும் தேவை இருக்கும் எண்ட ஒரு யோசினை இல்லையோ? இப்பிடிப்பட்ட ஆக்களை வைச்சுக்கொண்டு நாங்கள் எப்பிடி முன்னேறுறது?" மேசையில் கையூன்றிக் குனிந்தார். "பிள்ளை, எப்பதான் திரும்பி வரும்?"

"எனக்கென்ன தெரியும் அங்கிள்?"

செங்கோலின் கதை என் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் நின்றது.

இதை வாசித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிந்ததும் எனக்காக ஒரு சின்ன வேலை செய்யுங்கள். எழும்பிப் போய் உங்கள் வீட்டுப் புத்தகத் தட்டைப் பாருங்கள். அட்டை பிய்ந்த தடித்த புத்தகம் ஒன்று அங்கே கிடக்கிறதா? இல்லையென்றால் குசினிக்குள் போய் மேல்தட்டில் இருக்கிற பாத்திரங்களைத் திருப்பி, அடியில் வெட்டியிருக்கிற பெயர்களை வாசியுங்கள். எல்லாம் உங்கள் பெயர்தானா? இன்னும் திருப்பிக் கொடுக்காததற்கு உங்களிடம் நல்ல காரணம் இருக்கும், நான் மறுக்கவில்லை. சாமான்காரர் வந்து கதவைத் தட்டும்போது அந்தக் காரணத்தை ஆறுதலாகச் சொல்லுங்கள். வாயிலிருந்து முதலில் வருவது ஒரு வருஷமா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.